நாற்பது வயதில் முக்கோணவியல்: தவறாமல் தவறும் வழி

பத்தாவது படிக்கும் மகளுக்கு நானே சொல்லித்தருகிறேன் என்று வீட்டில் வாய்விட்டுவிட்டீர்கள். பரவாயில்லை. வைட்ஃபீல்டில் இருபது வருஷம் கோடு எழுதியவருக்கு ஒரு செங்கோண முக்கோணம் எம்மாத்திரம்? கீழே உள்ளபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

1. முதலில் சாமான் வாங்குங்கள். சயின்டிஃபிக் கால்குலேட்டர், ஆன்லைன் வகுப்புச் சந்தா, நாலு நிறத்தில் ஜெல் பேனா. நோட்டில் பெயர் எழுதி மூடிவையுங்கள். 1808-ல், தென்னிந்தியாவை முக்கோணங்களால் அளந்துவந்த லாம்டன் துரை, கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. மனிதர் கூடாரத்தில் அடைந்துகிடந்து வாரக்கணக்கில் தன் கையாலேயே சரிசெய்தார். உங்களுக்கு ரிட்டர்ன் வசதி இருக்கிறது.

2. படம் வரையாதீர்கள். இதுதான் உயிர்நாடி. நிற்கிற கோடு எதிர்ப்பக்கம், படுத்த கோடு அடுத்துள்ள பக்கம், முடிந்தது. கோணம் மேல்முனைக்குப் போனால் இரண்டும் பெயரை மாற்றிக்கொள்ளும் என்பாள் மகள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இறக்கக்கோணம் வந்தால் சுவரிலிருந்து அளந்து போடுங்கள்.

3. மெட்ரோ பர்ப்பிள் லைனில் கே.ஆர். புரம் தாண்டியதும், சைன், காஸ், டேனை நினைவில் வைக்கும் 'சோ-கா-டோவா' மந்திரத்தை ஜபியுங்கள். அர்த்தம் புரிகிற மாதிரி இருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள்.

4. கால்குலேட்டர் ரேடியனில் இருக்கட்டும். 10 மீட்டர் ஏணி, தரையோடு 30 டிகிரி. சைன் 30 என்று தட்டினால் மைனஸ் 0.988. ஆக, ஏணியின் நுனி தரைக்குக் கீழே 9.88 மீட்டரில். பதறாதீர்கள், நம் பக்கத்துப் போர்வெல்லுக்கு அதெல்லாம் ஆழமே இல்லை. அடிக்கோடு போடுங்கள். 30 டிகிரிக்கு எதிரே இருப்பது கர்ணத்தில் பாதி, அதனால் 5 மீட்டர் என்று பார்த்தவுடன் சொல்பவர்களோடு சேராதீர்கள்.

5. டேன் 30 டிகிரிக்கு வரும் 0.577-ஐ 0.6 ஆக்குங்கள். அடுத்த வரியில் 0.6-ஐ 1 ஆக்குங்கள்.

6. சொந்த அபார்ட்மென்டை அளக்க அதன் காலடியிலேயே போய் நில்லுங்கள். 89 டிகிரிக்கு டேன் 57, 89.5-க்கு 115. கை அரை டிகிரி நடுங்கினால் கட்டடம் இரண்டு மடங்கு! பில்டருக்கு அனுமதி கிடைக்காத மாடியெல்லாம் உங்கள் கணக்கில் எழும்பிவிடும். லாம்டன் 1802-ல் பரங்கிமலையில் தொடங்கி, முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூருக்கு வந்து, 1804-ல் இங்கே சில மைல் தூரத்தைச் சங்கிலி போட்டும் அளந்தார். கணக்குக்கும் சங்கிலிக்கும் சில அங்குலமே வித்தியாசம். வெயிலில் சங்கிலி நீளுமே என்று தெர்மாமீட்டர் வேறு வைத்தாராம். அப்ரைசல் கவலை இல்லாத மனிதர்.

7. போதையனார் என்ற புலவர் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் சூத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழி, சிறியதில் பாதியைக் கூட்டு, கர்ணம் தயார். 3, 4 போட்டால் 5. 5, 12 போட்டால் 13. அத்தோடு நிறுத்தி குடும்பக் குழுவுக்கு அனுப்புங்கள். 1, 1 மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். வர வேண்டியது 1.414, வருவது 1.375.

8. விடை புத்தகத்தின் பின்பக்கத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அச்சுப்பிழை என்று சொல்லுங்கள். ஒத்துப்போய்விட்டால் உடனே எழுந்துவிடுங்கள். எப்படி வந்தது என்று அவள் கேட்பாள்.