நகவெட்டி தொங்கும் பை

தையலுக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, கழன்ற சட்டைப் பொத்தானை மனைவியிடம் நீட்டுவதுதான். எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோப்பில் துளை போட்டு நாடா கோத்துக் கட்டுவேன். எனக்குத் தெரிந்த கைவேலை அவ்வளவுதான். அப்படிப்பட்டவனைத் தையல் மிசினுக்கு முன்னால் கொண்டுவந்து இருத்தியது பாரிஸில் நடந்த ஓர் ஏலம்.

2025 ஜூலை 10ஆம் திகதி, சொதபீஸ் ஏலத்தில் ஒரு பழைய கறுப்புத் தோல் கைப்பை 86 இலட்சம் யூரோவுக்குப் போனது. நம் காசில் ஏறத்தாழ 300 கோடி ரூபா. செய்தியை இரண்டு தரம் எனக்குள் வாசித்தேன். மூன்றாம் தரம் மனைவிக்குக் கேட்க வாசித்தேன். பிழை விட்டது அங்கேதான்.

"நான் ஒரு ஹான்ட்பேக் கேட்டதுக்கு ரெண்டாயிரம் ரூபா கூட எண்டீங்க" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு டவுனுக்குப் போயிருக்கலாம். "வாங்குவானேன்? நானே தைச்சுத் தாறன்" என்றேன். மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சரியாக 14 நாள் இருந்தது.

மட்டக்களப்புப் பக்கம் கலியாணம் முடித்தவர்களுக்குத் தெரியும்: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து குடியேறியவர். எங்கள் வளவு, கிணறு, தென்னை, மிசின் எல்லாம் மனைவியின் சீதனம். எனக்கென்று ஒரு சைக்கிளும் சில அபிப்பிராயங்களும் உண்டு. ஆகவே மிசினைத் தொட முறைப்படி அனுமதி கேட்டேன். "ஊசி உடைஞ்சா நீங்கதான் வாங்கணும்" என்ற நிபந்தனையோடு கிடைத்தது.

முதலில் விஷயத்தைப் படித்தேன். பையின் முதல் சொந்தக்காரி ஜேன் பேர்கின், இங்கிலாந்தில் பிறந்து பிரான்ஸில் பெயரெடுத்த நடிகை, பாடகி. போகுமிடமெல்லாம் ஒரு கூடையோடு போனவர். பாரிஸிலிருந்து லண்டன் போன விமானத்தில் சாமான் எல்லாம் கொட்டுண்டு போயிற்று. பக்கத்து இருக்கையில் ஹெர்மேஸ் கம்பனித் தலைவர் ஜோன் லூயி டியூமா. தாய்மாருக்கு வசதியான பை ஒன்றுமில்லையே என்று பேர்கின் முறைப்பட, வாந்தியெடுப்பதற்கென்று வைத்திருக்கும் கடதாசிப் பையிலேயே படம் கீறினார்கள். 1984இல் பை பிறந்தது. நானும் படம் கீறினேன், கரண்ட் பில்லின் பின்பக்கத்தில். திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தபோது எனக்கும் அந்த விமானப் பை தேவைப்பட்டது.

ஹெர்மேஸ் 1837இல் குதிரைச் சேணம் தைக்கத் தொடங்கிய கம்பனி. அவர்கள் தையலே வேறு. ஒரே நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். மிசின் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகக் கழன்றுகொண்டு வரும். இதைப் படித்து ஒரு தாளில் குறித்தும் வைத்தேன். கைபிடிக்கு மட்டும் இரண்டு ஊசி, மற்றதெல்லாம் மிசின் என்று பிறகு முடிவெடுத்ததும் நான்தான்.

தோலுக்கு எங்கே போவது? முன்வீட்டு ஓட்டோவுக்குப் புது சீற் அடித்ததில் மிஞ்சிய கறுப்பு றெக்சின் கிடைத்தது. உள்துணிக்கு என்னுடைய மருதமுனைச் சாறன். றெக்சின் மிசின் காலில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. நான் மிதிக்க மிதிக்க ஒரே இடத்தில் இருபது தையல். மனைவி வந்தாள், மேலே ஒரு மெல்லிய கடதாசியை வைத்தாள், "இப்ப மிதிங்க" என்றாள். ஓடியது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நாலு ஊசி உடையும்வரை பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று நான் கேட்கவில்லை.

துணியில் பிழை விட்டால் பிரித்துத் தைக்கலாம். றெக்சினில் ஊசி குத்தினால் குத்தினதுதான், ஓட்டை மூடாது. கந்தோரில்கூடப் பிழையை வெட்டி ஓரத்தில் சின்னக் கையொப்பம் வைக்க இடமுண்டு. பத்தாம் நாள் எல்லாப் பக்கமும் பொருத்தி, வெற்றியோடு திருப்பிப் பார்த்தேன். சாறன் வெளியே, றெக்சின் உள்ளே.

பிரித்து, பழைய ஓட்டைகளுக்குப் பக்கத்தில் புதிய ஓட்டைகள் போட்டு மறுபடி தைத்தேன். கைபிடிக்கு நூலில் தேன்மெழுகு பூச வேண்டுமாம். நான் மெழுகுதிரி பூசினேன். வேலிக்கு அந்தப் பக்கம் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் எழும்பி வந்து தையலைப் பார்த்தார்.

"கண் பெரிசாப் போயிற்று தம்பி. இதுக்குள்ள இறால் நிக்காது."

ஏலத்தில் போன பையில் ஒரு நகவெட்டி தொங்குகிறது. பேர்கின் நகத்தை நீளமாக வளர்க்காதவர். ஆகவே கூடவே வைத்திருந்தார். நானும் ஒன்று வாங்கித் தொங்கவிட்டேன். அசலோடு முற்றாக ஒத்துப்போனது அது ஒன்றுதான்.

மாமி எல்லாக் கதையையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்தப் புள்ளைக்குக் கூடையில என்ன குறை?" என்றார்.

"சாமான் கொட்டுண்டு போச்சாம் மாமி."

"அதுக்குக் கொஞ்சம் பெரிய கூடையா வாங்கியிருக்கலாமே மனே."

தீர்த்தத்தன்று மனைவி பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்காக அவளுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். உள்ளே மாற்றுடுப்பு, தண்ணீர்ப் போத்தல், இரண்டு தேங்காய். குளக்கரையில் சனம் நெருக்கியடித்த இடத்தில் சரசரவென்று ஒரு சத்தம். கைபிடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. சேணத் தையல் உண்மையிலேயே நல்ல தையல். அடிதான் மூலைக்கு மூலை கழன்று விழுந்தது. தேங்காய் இரண்டும் படியிறங்கி எங்களுக்கு முன்பே தீர்த்தமாடின. மனைவி இரண்டு கைபிடியையும் விடாமல் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் நின்றாள்.

மாமி தன்னுடைய பன் பையை விரித்தார். ஏற்கெனவே வெற்றிலை, குடை, பூ, பூசைச் சாமான் எல்லாம் இருந்த பை. மாற்றுடுப்பு போயிற்று, போத்தல் போயிற்று, ஈரத் தேங்காய் இரண்டும் போயின. கடைசியாக என் கைப்பையையும் நாலாக மடித்து அதற்குள் வைத்தார்.

இப்போது அது விறாந்தையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது "நகவெட்டி எங்க?" என்று கேட்டால், அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வரும்:

"ஹான்ட்பேக்கில."