ஐந்திணை டயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிக்கப் டிரக் எனக்குத் தேவையே இல்லை. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்கிற ஊரில் குடியிருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை. அன்றாடம் நான் தூக்கும் அதிகபட்ச பாரம் லேப்டாப் பை. டெக்சஸில் பத்து வருடம் இருந்தால் யாருக்கும் ஒரு நாள் டிரக் ஆசை வந்துவிடும் என்பார்கள். எனக்கு ஏழாவது வருடமே வந்துவிட்டது. வாழ்க்கையில் நான் மற்றவர்களை முந்திய ஒரே விஷயம் அதுதான்.

வாங்கியது ஒரு பழைய ஃபோர்டு எஃப்-150. சாவி ஒன்றுதான் இருந்தது. "இன்னொண்ணு செஞ்சுக்கலாம்" என்றார் விற்றவர். செஞ்சுக்கலாம் என்று நானும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு நாள் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற டிரக்கைப் பார்த்தேன். கறுப்பு வீல், பல் பல்லாக முரட்டு டயர், அதில் காய்ந்த சேறு. திரும்பி என் டயரைப் பார்த்தேன். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஹவாய் செருப்பு போட்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பச்சை விளக்கு விழுந்தது எனக்குத் தெரியவில்லை; பின்னால் ஹாரன் அடித்தவருக்குத் தெரிந்தது.

அந்த டயருக்குப் பெயர் ஆல்-டெரெய்ன். மனைவியிடம் தமிழில் விளக்கினேன்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை, ஐந்துக்கும் ஒரே டயர், ஐந்திணை டயர். "ஏங்க, நீங்க போறது ஐ-10 ரோடு ஒண்ணுதானே?" என்றாள். உண்மைதான். கேட்டி ஃப்ரீவே என்று அதற்குப் பெயர். அகலமான இடத்தில் சர்வீஸ் ரோட்டையும் சேர்த்து 26 லேன். கான்கிரீட்டும் கான்கிரீட் சார்ந்த இடமும். தொல்காப்பியர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் ஆராய்ச்சி. வைல்ட்பீக், ஓப்பன் கன்ட்ரி என்று டயர்களுக்கு இருக்கிற பெயரைக் கேட்டாலே ஆபீஸுக்கு லீவு போடத் தோன்றும். வழவழவென்ற மாடல் ஒன்று சத்தமில்லாமல் ஓடும், விலையும் குறைவு, ஹைவேக்கு அதுவே போதும் என்று படித்த எல்லா இடத்திலும் போட்டிருந்தது. மிகவும் பயனுள்ள தகவல். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படித்தேன்.

டயர் சைஸ் எழுதும் முறையை யார் கண்டுபிடித்தார்களோ. 275/65ஆர்18 என்றால் அகலம் 275 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், 18 என்பது வீலின் விட்டம், அதுவும் அங்குலத்தில். ஒரே பெயருக்குள் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும். என் வண்டிக்கு வந்த சைஸ் அது. நான் 275/70ஆர்18 போதும் என்று முடிவு செய்தேன். ஐந்துதானே கூட. ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சையிலும் எனக்கு அந்த ஐந்துதான் குறைந்தது.

டயரை மாற்றுகிறோம், வீலை விடுவானேன் என்று தோன்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. ஒருவர் பழைய வீல் நான்கு விற்கிறார், கறுப்பு, 18 அங்குலம், ஆறு ஓட்டை, 400 டாலர். என் வண்டியிலும் ஆறு போல்ட். ஆறும் ஆறும் ஒன்று. வீலோடு டயரும் இலவசம் என்றார். கொண்டுவந்து, என் தலைக்குப் போடும் ஷாம்பூவைப் போட்டுக் குளிப்பாட்டி, கராஜில் வரிசையாக வைத்தேன். அந்த வாரம் நான் குளித்தது சோப்பில்.

இலவச டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் 2316. மாடல் நம்பராக்கும் என்று இருந்தேன். 2016-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தமாம். என் மகளைவிட மூத்தது. அவளுக்கு அக்கா வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டயர் கடையை இங்குள்ள மெக்சிகோக்காரர்கள் யாந்தெரா என்பார்கள். தகரக் கொட்டகை, வாசலில் பழைய டயர் கோபுரம், ஓயாத ரேடியோ. நம்மூர் பங்க்சர் கடைக்கு ஸ்பானிஷ் பேச வந்துவிட்ட மாதிரி இருக்கும். பெரியவர் என் வீலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். இறக்கினார். இன்னொன்றை வைத்தார். இறக்கினார். பிறகு டேப்பை எடுத்து அளந்துவிட்டு என்னைப் பார்த்தார். கேன்சர் ரிசல்ட் சொல்லும் டாக்டர்கூட அவ்வளவு பரிவாகப் பார்க்க மாட்டார். "அமிகோ, இது செவி வீல்."

விஷயம் இதுதான். ஆறு ஓட்டை இருந்தால் மட்டும் போதாது, அந்த ஆறும் உட்கார்ந்திருக்கும் வட்டத்தின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். செவ்ரோலே டிரக்குக்கு அது 139.7 மில்லிமீட்டர். என் ஃபோர்டுக்கு 135. வித்தியாசம் 4.7 மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பு. எதிரெதிர் ஓட்டைகளை நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் வாங்கும்போதே தெரிந்திருக்கும். ஸ்கேல் மகளின் பென்சில் டப்பாவில் இருந்தது.

செவ்ரோலே வைத்திருந்த ஒருவர் அதை 250 டாலருக்கு வாங்கிக்கொண்டார். "ஏன் விக்கிறீங்க?" என்றார். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை என்றேன். வீலை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்தது புது வீல். இந்த முறை விட்டத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன். ஆஃப்செட் என்று இன்னொரு எண் இருந்ததை ஒரு தடவையும் பார்க்கவில்லை. வீல் வண்டிக்குள் எவ்வளவு பதுங்கி நிற்கும், வெளியே எவ்வளவு துருத்தும் என்பதைச் சொல்லும் எண் அது. என் வண்டியோடு வந்த வீலுக்கு ப்ளஸ் 44. புதிதாக வாங்கியது ஜீரோ. ஜீரோ வட்டி, ஜீரோ சுகர் எல்லாம் நல்லதுதானே என்று எடுத்தேன். வீலின் அகலமும் கூடுதல் என்பதால், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் வெளியே வந்து நின்றது. இடுப்பில் கைவைத்து நிற்கும் மாமியைப் போல.

அதனால் என்ன ஆயிற்று என்றால், மழையில் ஓட்டினால் ரோட்டுத் தண்ணீர் முழுவதும் கதவில் அடிக்கிறது. டயர் ரோட்டைவிடக் கதவைத்தான் அதிகம் நனைக்கிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர் உள்பக்கம் ப்ளாஸ்டிக்கில் உரசி 'கர்ர்' என்கிறது. சரிசெய்ய வழிகள் உண்டு, செலவும் உண்டு. நான் யூ-டர்ன் எடுப்பதை நிறுத்திவிட்டேன். எங்கேயாவது தாண்டிப் போய்விட்டால், நேராகப் போய் ஊரைச் சுற்றி வருகிறேன்.

டயர் விஷயத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. எல்டி வகை, லோடு ரேஞ்ச் ஈ, பழைய பாஷையில் பத்து ப்ளை. சுமைக் குறியீடு 125, அதாவது ஒரு டயர் 1650 கிலோ தாங்கும். வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். திருமங்கலத்தில் இருக்கிறார், இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பத்து ப்ளையா! என்ன லோடுப்பா ஏத்துற?" இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டை ஒன்று, மாதம் ஒரு முறை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

புது டயருக்குப் பூஜை போட பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். மதுரைக்காரனுக்கு இங்கே அதுதான் பிறந்த வீடு. குங்குமம், பூ, தேங்காய், நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். "மெதுவா எடுங்கோ" என்றார் குருக்கள். எடுத்தேன். மூன்று பழம் நசுங்கின. நான்காவது அந்த முரட்டுப் பல் இடுக்கில் போய் முழுசாகச் சிக்கிக்கொண்டு, வீல் சுற்றியதும் மேலே வந்து எல்லோருக்கும் தரிசனம் தந்தது. மலை, காடு, பாறை என்று கனவு கண்ட டயர் முதன்முதலாக மோதிய நிலப்பரப்பு எலுமிச்சை. அதிலும் நாலுக்கு மூன்றுதான் ஜெயித்தது.

காற்று விஷயத்தை நினைத்தால் இன்றும் முதுகு வலிக்கிறது. டயரின் பக்கவாட்டில் 80 பிஎஸ்ஐ என்று அச்சடித்திருந்தது. அடித்தேன். அது அந்த டயர் முழுப் பாரம் ஏற்றும்போது தாங்கும் உச்ச அளவு, அடிக்கச் சொல்லும் அளவல்ல; டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பழைய டயருக்குப் போட்டிருந்தது 35தான். எல்டி டயருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், அவ்வளவே. நான் ஒரு மாதம் 80-இல் ஓட்டினேன். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் என் முதுகெலும்பில் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டது. ஒரு பாட்லக்குக்குக் கொண்டுபோன சாம்பார், டப்பாவை விட்டு வெளியேறி, எங்களுக்கு முன்பே சீட்டில் பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

யாந்தெரா பெரியவர்தான் கண்டுபிடித்தார். கேஜை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினார். மூன்று பேரும் சிரித்தார்கள். காற்றை இறக்கியதற்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம் சத்தம். அறுபது மைலைத் தாண்டினால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். இளையராஜா பாட்டுக்குத் தம்பூரா மாதிரி என்று சமாளித்துப் பார்த்தேன். "தம்பூராவுல சுருதி மாறாதுங்க. இது ஸ்பீடுக்கு ஸ்பீடு மாறுது" என்றாள் மனைவி. எட்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றவளிடம் நான் அந்த உவமையை எடுத்திருக்கக் கூடாது.

மைலேஜும் இறங்கிவிட்டது. முன்பு காலனுக்கு 19 மைல், இப்போது 16. ஆனால் டயர் மூன்று சதவீதம் சொச்சம் பெரிதாகிவிட்டதால் வண்டியின் மீட்டர் எல்லாவற்றையும் குறைத்தே காட்டுகிறது: 65 என்றால் உண்மையில் 67, ஓடிய தூரமும் அப்படியே. ஆகவே மைலேஜ் 16 இல்லை, பதினாறரை! அந்த அரை மைலை வைத்துக்கொண்டு வீட்டில் இருபது நிமிடம் வாதாடினேன். அதே கணக்கில், வேகத்துக்கு ஃபைன் வந்தால் யார் கட்டுவது என்று ஒரே ஒரு கேள்வி வந்தது.

வீடு கட்டும் இடங்களைத் தாண்டி வரும்போதெல்லாம் டயர் பல்லில் ஜல்லி மாட்டிக்கொள்ளும். டிக் டிக் டிக். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவ்வேயில் பலகை போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பேன், திண்ணையில் பேன் பார்ப்பது போல. ஒரு வாரம் 41 கல். எண்ணினேன் என்பதைத்தான் நான் யாரிடமும் சொல்வதில்லை.

நெய்தலையாவது பார்த்துவிடுவோம் என்று ஒரு முறை கால்வெஸ்டனில் ஃபெர்ரி ஏறி பொலிவர் தீபகற்பத்துக்குப் போனோம். அங்கே பர்மிட் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு கடற்கரை மணலிலேயே வண்டி ஓட்டலாம். நாலு வீல் டிரைவைப் போட்டேன். ஜன்னலை இறக்கினேன். மகளை வீடியோ எடுக்கச் சொன்னேன். அலை, காற்று, புது டயர் மணலில் பதித்த தடம், எல்லாம் பிரமாதம். நிறுத்திவிட்டு இறங்கினால், எங்களுக்கும் முப்பதடி உள்ளே, தண்ணீர் ஓரமாக ஒரு மினிவேன். ஒரு பாட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார். அங்கே மணல் அவ்வளவு கெட்டி. வீடியோவில் அந்த மினிவேன் முழுசாக விழுந்திருக்கிறது; நான் பாதிதான்.

மிச்சம் இருந்தது ஒரே நம்பிக்கை. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனிச்செதிலும் போட்ட சின்ன முத்திரை. பனி ரோட்டுக்கான சோதனையில் தேறிய டயர் என்று அர்த்தம். ஹூஸ்டனில் பனியா என்று நண்பர்கள் சிரித்தார்கள். "வரும், அன்னைக்கு எல்லாரும் என்னைக் கூப்பிடுவீங்க" என்றேன். மனைவியிடமும் சொன்னேன், அவள் கேட்காதபோதும் சொன்னேன்.

வந்தது. 2025 ஜனவரி 21. விடிவதற்குள் ஹூஸ்டன் வெள்ளையாகிவிட்டது. பள்ளிக்கூடம், ஆபீஸ், ஏர்போர்ட் எல்லாம் மூடல். நான் திருமங்கலத்தில் இருந்தேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், அதோடு பொங்கலுக்கும் இருந்துவிட்டு வரலாம் என்று தனியாகப் போயிருந்தேன். ஹூஸ்டனில் விடிகாலை ஏழு, திருமங்கலத்தில் மாலை ஆறரை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மிச்சக் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏங்க, வெளியில பாருங்க" என்று கேமராவைத் திருப்பினாள். டிரைவ்வேயில் என் டிரக். தலையில் பனி, பானெட்டில் பனி, நாலு டயரும் கறுப்பாக, கம்பீரமாக. அப்பா ஒரு கண்ணில் கட்டோடு எட்டிப் பார்த்தார். "டயர் நல்லாத்தான் இருக்கு. வண்டி ஏம்ப்பா சும்மா நிக்குது?"

"பால் தீந்துபோச்சு. மூலையில கேஸ் ஸ்டேஷன் மட்டும் தொறந்திருக்காம். என் வேனை எடுத்தா வழுக்கும். உங்க வண்டியில மெதுவாப் போய்ட்டு வந்துரவா?" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் அந்த டயரைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. "சாவி எங்க வச்சீங்க?"

பாக்கெட்டைத் தடவினேன். கட்டியிருந்தது வேட்டி. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில், அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் சாவிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.