போண்டாவும் பொறுப்பாளரும்: பயிற்சி வகுப்பின் டீ இடைவேளை பற்றி ஓர் ஆய்வு

மேலாளர்களுக்கும் திட்டப் பொறுப்பாளர்களுக்கும் நடக்கும் பயிற்சிகளை உலகம் இன்றுவரை மணிக்கணக்கில்தான் அளந்து வருகிறது. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட திட்ட மேலாண்மைக் கழகம், தன் பி.எம்.பி. தேர்வெழுத வருகிறவரிடம் 35 மணி நேரம் பாடம் கேட்டதற்குச் சான்று கேட்கிறது. தேறிய பிறகும் விடுவதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 அலகு மேற்பயிற்சிக் கணக்குக் காட்டினால்தான் சான்றிதழ் உயிரோடிருக்கும்; ஓர் அலகு என்பது ஒரு மணி நேரம். இந்த அளவைமுறை அடிப்படையிலேயே பிழை என்பதும், பயிற்சியை அளக்கத் தகுந்த அலகு டீ இடைவேளையே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில், அண்ணாமலையை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கிழக்கே வந்தால் வரும் ஊர். பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம், சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைகளும் ஏரிகளும். மேலாண்மையை ஆராய இங்கே வருவானேன் எனின், காரணம் உண்டு. 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 மாவட்டங்களில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து முதல் கட்டத்தில் இடம்பெற்ற ஆறு மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. அன்று முதல் இவ்வட்டாரத்து ஏரிக்கரைகளில் ஆள் சேர்த்து, வருகை எழுதி, குழிக்கு அளவு கொடுத்து, “கூலி எப்போ ஏறும்?” என்ற கேள்விக்கும் பதில் சொல்லி வந்தவர் பணித்தளப் பொறுப்பாளர். நூல்கள் திட்டத் தலைவர் என்று எவரை வருணிக்கின்றனவோ, அவர் இவரே. பணியாளர், கெடு, செலவு, தரம், இடர், குறுக்குக் கேள்வி கேட்கும் மேலிடம், ஒன்றும் குறைவில்லை. போதாதற்குக் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றுக்கும், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ தாய்மாரோடு வந்துவிட்டால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கும் ஏற்பாடு செய்யவேண்டும் என்றது அத்திட்டத்துக்கான சட்டம். அமெரிக்கக் கழகத்தின் கையேட்டில் தொட்டில் கட்டுவது பற்றி அத்தியாயம் கிடையாது.

இனி வரையறை. டீ இடைவேளை என்பது முற்பகல் பதினொன்றேகால் அளவில், பயிற்றுநர் இன்னும் நாலு ஸ்லைடு பாக்கி என்று எண்ணிக்கொண்டிருக்கையில், பின்வாசலில் டீ கேன் இறக்கப்படும் ஓசையோடு தொடங்குவது. அதனோடு மசால் வடையோ போண்டாவோ வருதல் வேண்டும். பிஸ்கட் மட்டும் தருவனவற்றைப் பயிற்சி என்னாது கருத்துக்கேட்புக் கூட்டம் என்க. சமோசாவின் தகுதி குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. கொடுத்தால் மறுத்தாரும் இலர்.

இத்துறையில் முன்னோர் உளரோ எனின், உளர். 1927-இல் சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில், தொலைபேசிக்கான ரிலே பூட்டும் பெண்கள் சிலரைத் தனியறையில் உட்காரவைத்து ஐந்தாண்டு அளந்தார்கள். இரண்டு ஐந்து நிமிட ஓய்வு, பிறகு பத்துப் பத்து நிமிடம், பிறகு முற்பகல் ஓய்வில் கம்பெனி செலவிலேயே சிற்றுண்டி என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறியது. ஓய்வையும் சிற்றுண்டியையும் ஒருசேரப் பிடுங்கிப் பார்த்தார்கள்; அப்போதும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. தம்மை ஒருவர் மதித்துக் கேட்கிறார் என்பதும், அந்த அறைக்குள் அவர்களிடையே வளர்ந்த ஒட்டுறவுமே காரணம் என்றார் எல்டன் மேயோ. கூலி கணக்கிட்ட முறை மாறியதையும், நடுவில் இருவரை வெளியேற்றி வேறிருவரைச் சேர்த்ததையும் மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்று பின்வந்தோர் மடக்கினார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். சிற்றுண்டியை ஆராய்ச்சிப் பொருளாக முதலில் ஏற்றவர் நாம் அல்லர் என்பது பெறப்பட்டால் போதும்.

1965-இல் புரூஸ் டக்மன் என்ற உளவியலாளர், எந்தக் குழுவும் கூடல், முட்டல், இணங்கல், செயல்படல் என நான்கு படிகளில் உருவாகும் என்றார். பெருநிறுவனங்கள் இதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குகின்றன. டீ கேன் முன்னால் நான்கும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லாரும் எழுந்துபோய்ச் சூழ்ந்து நிற்பது கூடல். கேனுக்குக் குழாய் ஒன்று, நீளும் டம்ளர் பல, இது முட்டல். “மொதல்ல பொம்பளைங்க வாங்கட்டும்பா” என்று எங்கிருந்தோ ஒரு குரல் எழ, வரிசை தானே விழுவது இணங்கல். வாங்கியவர் தாம் குடிக்காமல் பின்னால் நிற்பவருக்குக் கைமாற்றுவது செயல்படல். 1977-இல் டக்மன், மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து கலைதல் என்று ஐந்தாவது படியும் வைத்தார். நம் களத்தில் அது பயிற்றுநர் “உள்ள வாங்க” என்று மூன்றாம் முறை கூப்பிட்டாலொழிய நிகழ்வதில்லை. வரிசையை விழவைத்த அந்தக் குரல் யாருடையது என்று கவனித்திருந்தால் தலைமைப் பண்பு பற்றிய பிற்பகல் வகுப்பை ரத்து செய்துவிடலாம். ஆள் பெரும்பாலும் கடைசி வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவராக இருப்பார்.

ஆயினும் வரிசை ஒழுங்கன்று நம் ஆய்வின் உயிர்நாடி. அங்கே நடக்கும் பேச்சே. வகுப்பில் “சந்தேகம் இருந்தா கேளுங்க” என்றால் ஒருவரும் கேட்கமாட்டார். என்னை? மேலதிகாரி உட்கார்ந்திருக்கும் அரங்கில் சந்தேகம் கேட்பவர் தெரியாதவர் ஆகிவிடுகிறார். கையில் போண்டாவோடு கேட்டால் அது வெறும் பேச்சு. ஓர் எடுத்துக்காட்டு: 2023 ஜனவரி முதல் பணித்தள வருகையைச் செயலியில், நாளுக்கு இருமுறை புகைப்படத்தோடு ஏற்றவேண்டும் என்பது கட்டாயமாயிற்று. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை வகுப்பு சொல்லிக்கொடுக்கும். வரிசையில் நடப்பது வேறு.

“ஏங்க்கா, மரத்தடியில நிக்க வச்சா மூஞ்சி தெரியல, வெயில்ல நிக்க வச்சா போன்ல ஒண்ணும் தெரியல. நீ எப்படிக்கா எடுக்கற?”

“காலையில எல்லாரையும் கெழக்கப் பாத்து நிக்க வையி. நீ சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கினு நில்லு. வெயிலு அவங்க மூஞ்சியில அடிக்கும், போனு உன் நெழல்ல இருக்கும். மத்தியானம் இதையே மேக்கால திருப்பிப் போடு.”

“இத கிளாஸ்ல சொல்லலியேக்கா?”

“அவரு எந்த ஏரியில நின்னாரு?”

இதே காட்சியை மேனாட்டார் பெரிய நூலாகவே எழுதியிருக்கிறார்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகலெடுக்கும் எந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றிய மானிடவியலாளர் ஜூலியன் ஓர், கம்பெனி கொடுத்த கையேட்டைவிட, காலைச் சாப்பாட்டிலும் மதியச் சாப்பாட்டிலும் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளால்தான் வேலை நடக்கிறது என்று கண்டு 1996-இல் நூலாக்கினார். லைபீரியாவின் தையற்காரர்களிடம் ஆய்வு செய்த ஜீன் லேவ், அங்கே தொழில் பழக வரும் பையன் பொத்தான் தைப்பது, மடித்தடிப்பது, இஸ்திரி போடுவது என்று கடைசி வேலையில் தொடங்கித்தான் துணி வெட்டுவதற்கு வந்துசேர்கிறான் என்று கண்டார். பாடம் நடத்தாமலே படிப்பு நடக்கிறது. அவரும் எட்டியென் வெங்கரும் 1991-இல் எழுதிய நூலுக்குப் பிறகு இதற்குக் கருத்தரங்கு கூட்டுகிறார்கள். நட்சத்திர ஓட்டலில் இதற்கே நெட்வொர்க்கிங் என்று பெயர் வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்து வந்த இளநிலை உதவியாளரைக் கேட்டுப் பாருங்கள். பாடத்தலைப்பு மறந்திருக்கும், கோப்பு சிக்கினால் எந்த மாவட்டத்தில் எந்த பேட்ச்மேட்டுக்குப் போன் போடுவது என்பது மறந்திருக்காது.

இடைவேளை உரிய நேரத்தில் நிகழ்வது எப்படி என்பதும் ஆராயத்தக்கது. 1958-இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் என்னும் வலைப்பின்னல் முறையை வகுத்தது. எந்த வேலை தாமதித்தால் மொத்தமும் தாமதிக்குமோ அதைக் கண்டுபிடிப்பது இதன் நோக்கம். இங்கே மூன்று தடங்கள் சந்திக்க வேண்டும்: டீ கொதிக்க வேண்டும், வடை சூட்டோடு வர வேண்டும், பயிற்றுநர் வாயை மூட வேண்டும். மூன்றாவதே தாமதத்தின் தடம். அதை முடுக்க வல்ல சொற்றொடர் ஒன்றுதான் உண்டு: “டீ ஆறிடும் சார்.” நேரத்துக்கு வந்து நிற்கும் டீக்கடைப் பையனே உண்மையான மேலாளர் என்று இவ்விடத்தில் உருகுவோர் உண்டு. அது சோம்பேறி முடிவு. அந்தப் பையன் கையில் உள்ளது ஒரு கேன். உள்ளே பயிற்சிக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஊராட்சிச் செயலர் கையில் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், வீட்டுவரி, எஸ்டிமேட், எம்.புக்கில் ஓவர்சியர் கையெழுத்து, நாளை காலை ஆய்வுக் கூட்டம் எல்லாம் இருக்கின்றன. அவருக்குப் பயிற்சி வேண்டாம் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. வகுப்பில் சட்டமும் விதியும் திருந்தக் கேட்டால்தான் வரிசையில் கேட்கக் கேள்வியே பிறக்கும்.

விளைவை அளப்பது எவ்வாறு? 1959-இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் நான்கு படி வைத்தார்: பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் அது தெரிகிறதா, பலன் விளைந்ததா. மாலையில் நீட்டப்படும் பின்னூட்டப் படிவம் முதற்படியைத் தாண்டுவதில்லை. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் ‘மிக நன்று’ என்று டிக் அடித்தபின், ‘வேறு கருத்து’ என்ற இடத்தில் ‘உணவு நன்று’ என எழுதுவார்கள். ஒட்டுமொத்தப் படிவத்தில் சொந்தமாகச் சிந்தித்து எழுதிய வாக்கியம் அதுவே. மூன்றாம் படிக்கோ, மறுவாரம் ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். மண்வெட்டியும் கூடையுமாக எல்லாரும் கிழக்கே பார்த்து நின்றால் பயிற்சி பலித்தது என்க.

இனி மறுப்பு. எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்ட காலத்தில் டீ எதற்கு என்பர் ஒரு சாரார். 2020-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த மிஷன் கர்மயோகித் திட்டத்தில், அரசு ஊழியர் இருந்த இடத்திலிருந்தே பாடம் கேட்டுச் சான்றிதழ் பெறலாம். பயணப்படி மிச்சம், பாடத்தைத் திரும்பவும் பார்க்கலாம், பாதியில் நிறுத்தலாம். இவை மெய்யான வசதிகள், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே டீ குடிப்பவர் தனியாகக் குடிக்கிறார். வெயிலுக்கு முதுகைக் காட்டு என்று சொல்ல ஓர் அக்கா அங்கே இல்லை.

எனவே ஒன்றிய அளவிலோ அதற்கு மேலோ பயிற்சி நடத்துவோர்க்கு ஒரு விண்ணப்பம். இடைவேளை கால் மணி நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிடுவதை விட்டு முக்கால் மணி என்று போடுங்கள். எப்படியும் அவ்வளவு ஆகத்தான் போகிறது. பக்கத்து ஒன்றியத்துக்காரர்களையும் ஒரே நாளில் கூப்பிடுங்கள். போண்டாவைக் குறைத்தாலும் பரவாயில்லை. டீயை மட்டும் தட்டில் அடுக்கி, உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்து நீட்டாதீர்கள். கேன் பின்வாசலிலேயே இருக்கட்டும். எழுந்து வந்து வாங்கிக்கொள்வார்கள்.