பஜ்ஜிக்கு சாங்ஷன் இருந்த காலம்

எண்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த மாவட்ட ஆபீஸில் மீட்டிங் என்றால் கோயில் கொடை மாதிரி. எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வருவதற்குள் பாதிப் பேருக்கு முதுகு ஒடிந்துவிடும். அஜெண்டாவை ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைலில் ஓட்ட வேண்டும். மை காய்வதற்குள் பியூன் அதை மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவார். பக்கத்து செக்ஷனிலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வருவோம். பறிகொடுத்தவர் அன்று முழுக்க ஃபைல் கட்டின்மேல் உட்கார்ந்திருப்பார்.

இத்தனையும் முடிந்தாலும் ஹெட்கிளார்க்கைத் தாண்ட முடியாது. டீ, பஜ்ஜி வவுச்சர் அவர் கையில்.

"பதினெட்டுப் பேருக்கு பஜ்ஜியா? ஆடிட்ல கேப்பான் சார்."

மேனேஜர் பேனாவைத் திறப்பார். "சரி, ஸ்டோர்ஸ்காரர் எதுக்கு? அவருக்கு ஒரு நோட் போட்டுடலாம்." ஒரு பெயர் அடிபடும். "டெஸ்பாட்ச்?" இன்னொன்று. கடைசியில் ஆறு பேர் மிஞ்சுவார்கள். இரண்டே பேர் சமாசாரம் என்றால் மேனேஜரே எழுந்து வந்து, மேஜையருகே நின்று பேசி முடித்துவிடுவார். பன்னிரண்டு பேருடைய மத்தியானத்தைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த ஹெட்கிளார்க் நிர்வாகவியல் படித்தவரல்ல. ஆடிட்டுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். நாங்கள் அவரைக் கஞ்சன் என்றோம்.

இப்போது ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறேன். நாற்காலி சுழல்கிறது, காபி இலவசம், மீட்டிங் போட ஒரு க்ளிக் போதும். யாரையாவது விட்டுவிட்டால் மனஸ்தாபம் என்று இருபது பேரைச் சேர்த்துவிடுகிறார்கள். மிச்சமிருந்த ஒரே தடை அறையின் அளவு. கொரோனாவில் அதுவும் போயிற்று. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு 1 கோடியாக இருந்த ஜூம் பங்கேற்பு 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டது. 15 நிமிஷத்தில் முடியட்டும் என்று நின்றுகொண்டே பேச ஏற்படுத்திய 'ஸ்டாண்ட்-அப்'பைக் கட்டிலில் சாய்ந்தபடி முக்கால் மணி நேரம் கேட்டிருக்கிறேன். நியூயார்க்காரருக்குக் காலை வேளை சௌகரியம் என்பதால் நமக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம்.

"ஒரு வார்த்தைகூடப் பேசலையே, எதுக்கு அங்கயே உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"பேசாட்டியும் பேரு ஸ்க்ரீன்ல தெரியணும்ல."

விஷயமே அதுதான். காலண்டர் நிரம்பி வழிந்தால் பிஸியான ஆள். காலியாக இருந்தால் இந்த ஆள் தேவைதானா என்று சந்தேகம்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல், அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். ஒரு நாசவேலைக் கையேடு தயாரித்தது. எதிரி நாட்டு அலுவலகங்களை உள்ளிருந்தே முடக்க அது சொன்ன வழிகளில் சில: எதையும் கமிட்டிக்கு அனுப்பு; கமிட்டியில் ஐந்து பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்; முக்கியமான வேலை காத்திருக்கும்போது கூட்டம் போடு. அவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்ய வேண்டியிருந்ததை நாங்கள் இன்கிரிமென்ட் வாங்கிக்கொண்டு செய்கிறோம்.

கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் 2023 ஜனவரியில் இரண்டு பேருக்கு மேற்பட்ட வாடிக்கை மீட்டிங்குகளைக் காலண்டரிலிருந்து மொத்தமாகத் துடைத்தது. புதன்கிழமை மீட்டிங்கே கூடாது என்றது. அதே ஆண்டு ஜூலையில், அழைப்பு அனுப்பும்போதே மீட்டிங்குக்கு எத்தனை டாலர் செலவு என்று காட்டும் கால்குலேட்டரையும் பொருத்தியது. உலகமே வியந்தது. எங்கள் ஹெட்கிளார்க் இதை வவுச்சரின் பின்பக்கத்தில் பென்சிலால் போடுவார்.

அந்தக் காற்று எங்கள் பக்கமும் வீசி, வெள்ளிக்கிழமை மீட்டிங் இல்லை என்று அறிவித்தார்கள். அந்த மீட்டிங்குகளெல்லாம் வியாழனுக்குக் குடிபெயர்ந்தன. ஆனாலும் வெள்ளி நிஜமாகவே காலியாக இருந்தது. என் டீமில் ஒரு பெண், திங்கள் முதல் இழுத்துக்கொண்டிருந்த ஒரு பக்கைக் காலையில் உட்கார்ந்து மத்தியானத்துக்குள் முடித்தாள். டெஸ்ட் செய்தாள், மெயில் அனுப்பினாள், நாலு மணிக்கு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் பார்த்ததில்லை.

டீம் லீடும் அதைப் பார்த்திருக்கிறார். மெல்ல என் பக்கத்தில் வந்து கேட்டார்:

"அந்தப் பொண்ணுக்கு வேலை கம்மியா இருக்கோ சார்?"