நின்றவூர்ப் பூசலாரும் இருபது முகப் பகடையும்

ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, இல்லாத கோட்டையொன்றின் இல்லாத கதவைத் திறப்பது எங்ஙனம் என்று மணிக்கணக்காக விவாதிக்கும் விளையாட்டு எந்த நாட்டில் உற்பத்தியாயிற்று என்ற வினாவுக்கு, மேனாட்டுப் பண்டிதர்கள் இதுகாறும் கூறிவரும் விடை ஆட்சேபத்துக்குரியது. பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பார் 1824இல் வரைபடமும் கட்டைகளும் பகடையும் கொண்ட ஒரு போர்ப்பயிற்சி விளையாட்டை வெளியிட்டதை அவர்கள் முதலில் எடுத்துரைப்பர். பின்னர், 1968இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் கேரி கைகாக்ஸ் என்பவர் தோட்டக்கலை மண்டபம் ஒன்றை ஐம்பது டாலர் வாடகைக்குப் பிடித்து 'ஜென் கான்' என்னும் விளையாட்டு மாநாட்டைத் தொடங்கியதையும், 1974இல் அவரும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டதையும் கூறி, அத்துடன் விவகாரம் தீர்ந்ததென்று ஏட்டைக் கட்டிவைப்பர். இப்பெரியோர்மீது நமக்குத் துவேஷம் இல்லை. ஆயினும், சென்னை சென்ட்ரலில் அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலேறி, ஆவடியும் பட்டாபிராமும் நெமிலிச்சேரியும் கடந்து, திருநின்றவூரில் இறங்கிப் பாராமலே இவ்விதம் முடிவு கட்டியது முறையன்று. லேக் ஜெனீவாவில் ஏரி உண்டென்றால் நின்றவூரிலும் ஏரி உண்டு. புவியியல் சான்று இதனோடு சமமாகிவிட்டபடியால், இனிச் சரித்திரச் சான்றைப் பார்க்கலாம்.

அதற்குமுன் விளையாட்டின் லட்சணத்தை வரையறுத்துக்கொள்வது சம்பிரதாயம். ஒருவர் கதையை நடத்துகிறார். அவரைக் கேம் மாஸ்டர் என்பர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, 'நான் கதவைத் தட்டுகிறேன்', 'நான் கூரைமேல் ஏறுகிறேன்' என்று உட்கார்ந்தபடியே வாயால் சொல்கிறார்கள். காரியம் பலிக்குமா என்பது சந்தேகமாகும் இடத்தில் பகடை உருள்கிறது; அப்பகடைகளில் நான்கு முகம் உடையதும் உண்டு, இருபது முகம் உடையதும் உண்டு. ஜெயித்தவர், தோற்றவர் என்று பெரும்பாலும் எவரும் இல்லை. மேசைமீது பிரத்தியட்சமாகக் காணக்கிடைப்பவை பென்சில், காகிதம், பகடை, தேநீர்க் கோப்பை ஆகியவையே. கோட்டையும் குகையும் பூதமும் ஆடுவோரின் சித்தத்தில் மாத்திரமே உள்ளன. அப்படியிருந்தும் அக்கோட்டை மதில் எத்தனை அடி உயரம் என்பதில் அபிப்பிராய பேதம் தோன்றிவிட்டால் நெடுநாளைய நண்பர்களும் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள். இல்லாத பொருளுக்கும் அளவு உண்டு என்பதே இவ்விளையாட்டின் ஆதார சூத்திரமாகும்.

இச்சூத்திரத்தை அனுஷ்டித்துக் காட்டியவர், நின்றவூரில் தோன்றி அறுபத்துமூவருள் ஒருவராகத் தொழப்பெறும் பூசலார். அவர் சரித்திரத்தைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர், பிறந்தது குன்றத்தூர். நடுவே பூவிருந்தவல்லி மட்டுமே குறுக்கிடுவதால் இதை அக்கம்பக்கத்துச் சாட்சியமாகக் கொள்ளலாம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் புகழ்ந்துரைப்பாரேயானால் அது மெய்யாகவே இருத்தல் வேண்டும் என்பதை நம் நாட்டு நடப்பறிந்த எவரும் மறுக்கமாட்டார். இறைவனுக்குக் கோயில் எடுக்க விரும்பிய பூசலார், எங்கு தேடியும் பொருள் கிட்டாமையால் அக்கோயிலை மனத்திலேயே கட்டத் துணிந்தார். ஆராய்ச்சியாளர் நிதானித்துக் கவனிக்கவேண்டிய இடம் இது. மனத்தில் கட்டுகிறவருக்குச் செலவு ஏது? நினைத்த மாத்திரத்தில் விண்ணளாவ ஒரு கோபுரத்தை நிறுத்தி, பொன்னோடும் வேய்ந்துவிட்டு உறங்கப் போகலாம். பூசலார் அவ்விதம் செய்யவில்லை. மனத்தாலேயே பொருள் திரட்டி, கருவிகள் சேர்த்து, தச்சரை அமர்த்தி, நல்ல நாள் பார்த்து அடிநிலையிட்டு, இரவிலும் கண்துஞ்சாது வரிசை வரிசையாக எழுப்பி, சிகரத்தை முழக்கணக்கில் அளந்து அமைத்து, சுதை வேலை முடித்து, கிணறும் மதிலும் குளமும் செய்வித்த பின்னரே பிரதிஷ்டைக்கு நாள் குறித்தார். மனக்கோயிலுக்குக் கிணறு எதற்கு என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவில்லை. திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் வேண்டுமே!

அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்யவிருந்தான் காடவர்கோன். அவனை எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பல்லவன் என்றும், அக்கற்றளியைக் கைலாசநாதர் கோயில் என்றும் சரித்திரக்காரர் கொள்வர். அவ்வரசன் அசரீரி கேட்டதாக அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டும் கூறுகிறது. முதல்நாள் இரவு இறைவன் கனவில் தோன்றி, நின்றவூரில் அன்பன் கட்டிய ஆலயத்துக்கு நாளை நாம் செல்லவேண்டியிருப்பதால் உன் காரியத்தை வேறொரு நாளில் வைத்துக்கொள் என்றருளினார். ஒரே தேதியில் இரு நிகழ்ச்சிகள் மோதும்போது, கல்லாலான நிகழ்ச்சி ஒதுங்கி, கற்பனையாலான நிகழ்ச்சி நடந்தேறிய விசேஷத்துக்கு இதனினும் பழைய ஆதாரம் நம் கைக்கு எட்டவில்லை.

இங்கே பூர்வபட்சி எழுந்து மூன்று ஆட்சேபங்களைக் கூறுவான். முதலாவது, பூசலார் தனியாகவன்றோ ஆடினார் என்பது. இது இலகுவாகத் தள்ளத்தக்கது. 2018இல் வெளிவந்த 'அயர்ன்ஸ்வார்ன்' என்னும் ஆட்டத்தைக் கேம் மாஸ்டரும் இன்றி ஒருவரே ஆடலாம் என்று அதன் விதிநூலே அனுமதிக்கிறது. இரண்டாவது, பகடை எங்கே என்பது. இதற்குச் சமாதானமாகச் சிலர் நம் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடும் பரமபதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள், அது பொருந்தாது. பரமபதத்தில் பாம்பு கடித்தால் கடித்ததுதான்; அப்பாம்பினிடம் நயமாகப் பேசிப் பார்க்கவோ, வாலைப் பிடித்து இழுக்கவோ, பக்கத்துக் கட்டத்தில் பதுங்கவோ ஆடுபவருக்கு உரிமை இல்லை. நாம் பேசும் விளையாட்டிலோ பாம்பினிடம் பேசுவதே பாதி ஆட்டம். பகடையின் தர்மம் எதுவென்று பார்த்தால், கதை நடத்துபவரும் எதிர்பாராத ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்து போடுவதே. பூசலார் தம் கோயிலில் அடிநிலை முதல் குளம்வரை யாவற்றையும் திட்டமிட்டிருந்தார். பல்லவ வேந்தன் நேரில் வந்து, 'பூசலார் கட்டிய கோயில் எங்கே?' என்று ஊராரை விசாரிப்பான் என்பது அத்திட்டத்தில் இல்லை. இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தாலும் இதற்குமேல் என்ன நேர்ந்துவிடும்?

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. விளையாட்டோடு அதன் மாநாடும் நின்றவூரில் பிறந்ததென்றால், மாநாட்டுக்கு அந்நியர் கூடவேண்டும். தனிமையில் ஒருவர் கண்ட மனோராஜ்யம் மாநாடாகுமா? ஆகாதுதான், அரசன் வரும்வரை ஆகவில்லை. அப்படியொரு கோயிலே இவ்வூரில் இல்லை என்று ஊரார் ஒருமுகமாகச் சொன்ன பிறகும் அவன் திரும்பிவிடவில்லை. பூசலாரையே கேட்டான், அவர் வியந்து, தாம் கட்டிய விதத்தைச் சொன்னார், அரசன் நிலத்தில் விழுந்து வணங்கினான். கண்ணுக்குப் புலப்படாத ஒரே கட்டடத்தை, முன்பின் அறியாத இருவர், ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, சேர்ந்து கண்ட கணம் அது. மாநாட்டு மண்டபங்களில் பணங்கொடுத்துச் சீட்டு வாங்கி அமர்கிறவர்கள் நாடி வருவது வேறெதுவும் அன்று.

வீட்டில் நண்பரோடு ஆடுவதும் மாநாட்டில் ஆட்டம் நடத்துவதும் வெவ்வேறு வித்தைகள். வீட்டில் ஒரு கதை ஆண்டுக்கணக்கில் நீளலாம். மாநாட்டிலோ பெரும்பாலும் நான்கு மணி நேரம். கல்யாணத்தில் முதற்பந்தி எழுமுன்னரே இரண்டாம் பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதைப்போல, அடுத்த ஆட்டக்காரர் வந்து நின்றுவிடுவர். பாத்திரங்களை அங்கேயே சிருஷ்டிக்க உட்கார்ந்தால் பொழுது அதிலேயே போய்விடுமாதலால், விவரமறிந்த கேம் மாஸ்டர் கேரக்டர் ஷீட்டுகள் என்னும் பாத்திரக் குறிப்புத் தாள்களை முன்னரே எழுதிக்கொண்டு வந்து விநியோகிக்கிறார். மாநாட்டுக்கென்றே எழுதப்பெற்ற பழைய ஆட்டங்களுள் கைகாக்ஸின் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்', அதாவது பயங்கரங்களின் கல்லறை, பெயர்பெற்றது. 1975இல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்கு வைக்கப்பட்ட அக்கல்லறை, உள்ளே புகுந்தவரைக் கொல்வதொன்றையே லட்சியமாகக் கொண்டது. விருந்தினரை வரவேற்கும் அம்முறை நல்லவேளையாக இப்போது அருகிவிட்டது. இக்காலத்து மேசைகள் பலவற்றில், ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் என்பார் வகுத்தபடி, 'எக்ஸ்' என்றெழுதிய அட்டையொன்றை நடுவில் வைக்கிறார்கள். கதை போகும் போக்கு ஒருவருக்கு ஒவ்வாவிடில் அவர் அதைத் தொட்டால் போதும், காரணம் கேளாமல் அப்பேச்சை விட்டுவிடவேண்டும். சம்பந்திகள் கூடிப் பேசும் இடங்களில் இந்த அட்டையை உடனே அமுலுக்குக் கொண்டுவரலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அமர்கிறவர்களுள் கேம் மாஸ்டரின் ஆயுளைக் குறைப்பவர் மீமாம்சகர். விதிநூலைப் பக்க எண்ணோடு மனனம் செய்திருக்கும் இவர், பறக்கும் நாகம் தீயை உமிழ்ந்துகொண்டிருக்கும் சமயத்தில், அத்தீ வளைந்து செல்லுமா, நேரே செல்லுமா என்று வாதம் தொடுத்து, நாகமே சலிப்படையும்வரை விடமாட்டார். எதிர்ப்பட்டவரையெல்லாம் வெட்டுவேன் என்பவரால் இத்தனை தொல்லை இல்லை. அவருக்கு வெட்ட நாலு பேரைக் கொடுத்தால் திருப்தியடைந்துவிடுவார். நாம் போற்றவேண்டியவர், மூன்று மணி நேரம் வாய் திறவாதிருந்து, எல்லாரும் வழி தெரியாமல் விழிக்கும் வேளையில், 'அந்தக் கிழவி கொடுத்த விளக்கை ஏற்றிப் பார்த்தால் என்ன?' என்று மெல்லக் கேட்கும் கடைக்கோடி ஆசாமியே. அந்த விளக்கைக் கேம் மாஸ்டரே மறந்திருப்பார். இரவெல்லாம் விழித்துத் தாம் கட்டிய மதிலை அந்நியர் ஒருவர் ஒரே வாக்கியத்தில் இடித்துவிட்டுப் போகும்போது, அவ்விடிபாட்டின் மேலேயே மேற்கொண்டு கட்டத் தெரிந்தவரே மாநாட்டில் ஆட்டம் நடத்த யோக்கியதை உடையவர். தம் கதை தாம் எழுதியபடியே முடியவேண்டும் என்கிறவர் நாவல் எழுதப் போகலாம். அங்கே பாத்திரங்கள் எதிர்த்துப் பேசா.

லேக் ஜெனீவாவில் தொடங்கிய மாநாடு இடம் போதாமல் 1985இல் மில்வாக்கிக்கும் 2003இல் இண்டியானாபொலிசுக்கும் பெயர்ந்து, 2023இல் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் திரளும் நிலையை எய்திற்று. நம் பக்கத்திலும் கூட்டம் சேராமல் இல்லை. 2024 பிப்ரவரியில் காமிக் கான் என்னும் சித்திரக்கதை ரசிகர் விழா முதன்முறையாகச் சென்னைக்கு வந்தபோது நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் வேடம் தரித்த இளைஞர்கள் நிரம்பியிருந்தனர். ஆயினும் மூல ஸ்தானத்தை விட்டுக் கிளையில் உற்சவம் நடத்துவது ஆகம விரோதம். பூசலார் கட்டிய மனக்கோயிலின் நினைவாக நின்றவூரில் இருதயாலீசுவரர் ஆலயம் கல்லாலேயே நிற்கிறது. கருவறையில் இறைவனோடு பூசலாரும் இருக்கிறார். இருதய நோயுடையோர் அங்கே வந்து வேண்டிக்கொள்கின்றனர். என்னைப் பெற்ற தாயாரும் பக்தவத்சலப் பெருமாளும் எழுந்தருளியுள்ள திவ்யதேசம் அதே ஊரில் இருத்தலால், சைவ வைணவ பேதமின்றி மேசைகளைப் போடலாம். கல்யாண மண்டபங்கள் உண்டு. முகூர்த்த நாட்களில் அவை கிடையா. ஒருவேளை கிடைத்தாலும், கேம் மாஸ்டர் தாழ்ந்த குரலில் குகையின் நிசப்தத்தை வருணிக்கும் தருணத்தில் பக்கத்து மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டுமாகையால், ஆடி மாதமும் மார்கழி மாதமுமே இதற்கு உத்தமம்.

இவ்வளவும் நிரூபணமானபின் மாநாட்டு அமைப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். எவ்வூரில் நடத்துவதாயினும், தேதியை அச்சிடுமுன் நின்றவூரில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். மண்டபம் காலியா என்று மட்டுமன்று, ஊரில் எவரேனும் மனத்துக்குள் எதையேனும் கட்டிமுடித்து அதே நாளைக் குறித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். குறித்திருந்தால் உங்கள் நாளைத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள், பல்லவனே தள்ளிவைத்தான்.