தொழிலாளி ஆகாமல் வேலை பார்ப்பது எப்படி?

வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடும். அந்த வேலையைப் பார்ப்பவருக்குத் 'தொழிலாளி' என்ற பெயர் மட்டும் லேசில் கிடைக்காது. இதற்காக வருத்தப்பட வேண்டாம். பெயரில்லாமல் உழைப்பது ஒரு கலை, பழகினால் வரும். படிப்பை முடித்துவிட்டு, 'அடுத்து என்னடா பண்ணப் போற?' என்ற கேள்வியைச் சோற்றோடு பிசைந்து விழுங்கிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக அந்தக் கலையின் அரிச்சுவடி இது.

முதலில் பொருளாதாரப் பாடப்புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். விவசாயம் முதன்மைத் துறை, ஆலை இரண்டாம் துறை, சேவை மூன்றாம் துறை என்று அதில் கட்டம் கட்டி வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் அந்தக் கட்டம் நிற்காது. அப்பா ஏரிக்குக் கீழே வேர்க்கடலை போட்டிருப்பார், அம்மா பாய் நெய்வார், அண்ணன் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுவான், தம்பி பைக்கில் பிரியாணிப் பொட்டலம் கொண்டுபோவான். இந்தியப் பொருளாதாரத்தின் மூன்று துறைகளும் ஒரே ரேஷன் கார்டில் அடங்கிவிடும்.

விவசாயத்தில் சேர நேர்முகத் தேர்வு கிடையாது. 2023-24-இன் அரசுக் கணக்கெடுப்புப்படி நாட்டில் வேலை பார்ப்பவர்களில் நூற்றுக்கு 46 பேர் அதில்தான் இருக்கிறார்கள். நாட்டு வருமானத்தில் அதன் பங்கோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. பந்தியில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்க, ஐந்தில் ஒரு பங்கு சோற்றை வைத்துப் பரிமாறுவது போல. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்து உழுதால் நீங்கள் விவசாயி ஆகிவிட மாட்டீர்கள். பட்டாவில் பெயர் இருப்பவர்தான் விவசாயி. டெல்லியிலிருந்து ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருவதும் அந்தப் பெயருக்குத்தான், அவர் சென்னையில் குடியிருந்தாலும். பட்டாவே இருந்தாலும் அசந்துவிடாதீர்கள். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று 2023-இல் மேல்மா பக்கம் உட்கார்ந்தவர்களில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. விவசாயிக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டு என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

மழை பொய்த்தால் நூறு நாள் வேலை. அங்கே உங்கள் பெயர் 'பயனாளி'. மண்ணை வெட்டுவது நீங்கள், பயனடைவதும் நீங்களே. 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அறிவித்த கூலியும் கைக்கு வரும் கூலியும் ஒன்றுதான் என்று நம்புகிறவர்கள் இந்த வழிகாட்டியை மேலே படிக்க வேண்டாம்.

அடுத்து நெசவு. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நுட்பமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. வந்தவாசிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோரைப் பாய். கோரையைக் கிழித்து, காயவைத்து, சாயம் போட்டு, கோரை கோரையாகப் பாவுக்குள் கொடுத்து அடிக்க வேண்டும். கூலி பாய்க்கு இவ்வளவு என்று. முதுகுவலிக்கு இவ்வளவு என்ற கணக்கு இன்னும் வரவில்லை. கைத்தறியை விசைத்தறி தள்ளியது, இரண்டையும் பிளாஸ்டிக் பாய் தள்ளிக்கொண்டிருக்கிறது. கல்யாணச் சீர்வரிசையில் மட்டும் கோரைக்கு இன்னும் ஒரு இடம் இருக்கிறது. பிறகு அது பரண்மேல் ஏறிவிடும்.

பாயைவிடப் பட்டு கௌரவம் என்று நினைத்தால் ஆரணிக்குப் போங்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. நெய்தவர் பெயர் சேலையில் எங்கும் இருக்காது. அங்கே நீங்கள் கற்க வேண்டிய முதல் பாடம், முதலாளி ஆவது. தறி உங்களுடையது, அது நிற்கும் வீடு உங்களுடையது, தறிக்குழிக்கு மேலே எரியும் விளக்கும் உங்களுடையது. பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் டிசைனும் மட்டும் வேறொருவருடையவை, நெய்து முடித்த சேலையும் அவருடையது. இடையில் உங்கள் கைக்கு வருவது கூலி. இருந்தாலும் யாரும் உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை! சேலையில் பழுது என்று கூலியில் பிடித்தாலும், முன்பணம் தீரும்வரை வேறு இடத்துக்கு நெய்ய முடியாவிட்டாலும், நீங்கள் சுயதொழில் செய்கிறவர்தான். வேலைக்கு வைத்தவரே இல்லாதபோது பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இன்னும் நேர்த்தியாகச் செய்ய வேண்டுமானால் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனைவி தார் சுற்றட்டும், அம்மா இழை எடுத்துக் கொடுக்கட்டும். ஒரு சேலைக்கு மூன்று பேர் உழைப்பு, ஒரு கூலி. அரசுப் புள்ளிவிவரத்தில் இதற்கு அழகான ஏற்பாடு உண்டு. வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுப்பவரும் சுயதொழில் கணக்கில்தான் வருவார். 2023-24-இல் இந்தியாவில் வேலை பார்த்தவர்களில் நூற்றுக்கு 58 பேர் சுயதொழில் செய்கிறவர்கள் என்ற செய்தியைப் படித்துப் பூரித்தவர்கள், அதற்குள் தார் சுற்றும் அந்த அம்மாவும் ஒரு தொழில்முனைவோராக உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், ஈரத்தில் பாவு சரியாக ஓடாது. அந்த நாட்களை விடுப்பு என்று சொல்லிக்கொள்ளுங்கள். சம்பளத்தோடு கூடிய விடுப்பா என்று கேட்காதீர்கள், முதலாளி நீங்கள்தானே. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருமானத்தில் இருந்தன. 2020-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள். தேசியக் கைத்தறி தினத்தைக் கலைக்கவில்லை. ஆகஸ்ட் 7 அன்று தவறாமல் வருகிறது.

இந்தக் கணக்கெல்லாம் பார்த்து மிரண்டவர்கள் கம்பெனிக்குப் போவார்கள். கம்பெனிக்கு வேலை பார்ப்பது வந்தவாசிக்குப் புதிதல்ல. 1760 ஜனவரி 22-ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அயர் கூட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்காக லாலியும் இங்கேதான் மோதினார்கள். இரண்டு பக்கமும் நம் நாட்டுச் சிப்பாய்கள் நின்றார்கள். லாலி தோற்றார், 1766-இல் பாரிஸில் அவர் தலையை வெட்டினார்கள். அதோடு ஒப்பிட்டால் இன்றைய பணிச்சூழல் எவ்வளவோ மேல். இலக்கை எட்டாதவருக்கு மறுநாள் கேட்டில் கார்டு வேலை செய்யாது, அவ்வளவுதான்.

கம்பெனி பஸ் விடியுமுன்பே வந்துவிடும். செய்யாறு பக்கம் செருப்பு, ஷூ தைக்க ஊர் ஊராகப் பெண்கள் ஏறுகிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார், போன். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, ஆரணி வழியாக நகரிக்கு ரயில் விடுவதாக 2006-07 ரயில்வே பட்ஜெட் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே பஸ்ஸிலேயே தூங்கப் பழகுங்கள். உள்ளே போனதும் உங்களுக்குப் பெயர் சூட்டுவார்கள். டிரெயினி, அப்ரன்டிஸ், காண்ட்ராக்ட், எஃப்.டி.இ. என்ற குறித்த கால ஊழியர். சில ஆண்டுகள் 'நீம்' என்ற திட்டத்திலும் ஆள் எடுத்தார்கள். நீம் என்றால் வேம்பு. இவ்வளவு நேர்மையாக ஒரு திட்டத்துக்குப் பெயர் வைத்து நான் பார்த்ததில்லை. அதில் இருந்தவர் பயிற்சி பெறுகிறவர், ஊழியர் அல்ல. பக்கத்து மெஷினில் நிற்கும் நிரந்தரக்காரர் முடுக்கும் அதே ஸ்குரூவை முடுக்கும் பயிற்சி.

பெயருக்காகச் சண்டை போடலாமா? போட்டவர்கள் இருக்கிறார்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் பெயரில் தன் பெயர் வரக் கூடாது என்பது நிறுவனத்தின் ஆட்சேபம். விவகாரம் நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' பதிவானது. 'தொழிலாளர்' என்ற சொல்லை நான்கு பேர் பார்க்கும்படி எழுதி மாட்ட அவ்வளவு நாள் ஆகிறது. வேலை நேரத்தைக் கூட்டுவதென்றால் அத்தனை நாள் ஆகாது: 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால் மே தினத்தன்று திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'எதுவும் வேண்டாம், கவர்மெண்ட் வேலைதான்' என்பவர்களுக்கு: 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்தவை 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம். உள்ளே போகப் பக்கவாசல்களும் உண்டு. தொகுப்பூதியம், வெளிமுகமை, பகுதிநேரம், கௌரவம். கௌரவ விரிவுரையாளரின் கௌரவம் பெயரோடு நின்றுவிடும். 2012-இல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், அப்போது மாதம் 5,000 ரூபாய். பகுதிநேரம் என்பது வேலைக்குத்தான், பசிக்கு அல்ல என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் சென்னைக்குப் போய் உட்கார்ந்து சொன்னார்கள்.

கடைசியாக, பைக் வைத்திருக்கும் தம்பிக்கு. உன்னை 'பார்ட்னர்' என்பார்கள். பெட்ரோல் உன்னுடையது, பஞ்சர் உன்னுடையது, லாபம் மட்டும் பங்குக்கு வராது. வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை பார்ப்பவர் என்று 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பே உனக்கு இலக்கணம் எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் உன்னைப் போன்றவர்களுக்கென்று நல வாரியம் ஒன்று உண்டு, ஆர்டர் வராத நேரத்தில் போய்ப் பதிந்துகொள்.

மற்றவர்கள் நாளைக் காலை பஸ் ஏறும்போது கழுத்தில் தொங்கும் அட்டையைத் திருப்பி, உங்கள் பெயருக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று ஒரு முறை படித்துப் பாருங்கள்.