பாதிச் சம்பளம், முழுச் சித்தப்பா

மத்திய அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து எங்கள் சித்தப்பா 60 வயதில் ஓய்வு பெற்றார். சந்தன மாலை, பொன்னாடை, வெள்ளிக் குத்துவிளக்கு. “சார் இல்லாமல் இந்த செக்‌ஷன் எப்படி ஓடப்போகிறதோ” என்று ஆளாளுக்கு மைக்கில் கலங்கினார்கள். பிரிவுபசார விழாப் பேச்சை யாரும் நிஜமென்று நம்புவதில்லை. அந்த அலுவலகம் நம்பிவிட்டது. அடுத்த மாதமே ஒப்பந்த அடிப்படையில் ஆலோசகராகக் கூப்பிட்டார்கள்.

அதிகம் சந்தோஷப்பட்டது சித்தி. வீட்டிலிருந்த ஒரு மாதத்தில் சித்தப்பா மளிகை டப்பாக்களுக்கெல்லாம் வரிசை எண் ஒட்டி, துவரம்பருப்பு தீர்ந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கச் சொல்லியிருந்தார். “சம்பளமே கொடுக்காட்டாலும் அனுப்பிவைப்பேன்” என்றாள் சித்தி.

சம்பளம் உண்டு. நிதி அமைச்சகம் 2020 டிசம்பரில் போட்ட உத்தரவுப்படி, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்து மிச்சத்தைத் தருவார்கள். 80,000 வாங்கியவருக்கு ஓய்வூதியம் 40,000. ஆகவே ஒப்பந்தத் தொகையும் 40,000. இன்கிரிமென்ட், அகவிலைப்படி எதுவும் அதற்குக் கிடையாது. ஓய்வூதியமும் அதன் அகவிலை நிவாரணமும் மட்டும் தம் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். இதில் ஓர் உள்குத்து: கம்யூட்டேஷனில் ஓய்வூதியத்தின் 40 சதவீதத்தை மொத்தப் பணத்துக்கு விற்று, மகள் கல்யாணத்துக்குச் செலவழித்தாகிவிட்டது. ஆனாலும் கழிக்கும்போது முழு ஓய்வூதியத்தையும்தான் கழிக்கிறார்கள்.

எதிர்வீட்டுப் பையன் எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறான். “தாத்தாவுக்கு பென்ஷனும் வேணும், சீட்டும் வேணுமா?” என்கிறான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாதி விலைக்கு அனுபவசாலி கிடைக்கும்போது காலியிடத்தை நிரப்ப எந்த அலுவலகம் அவசரப்படும்? ஓய்வு வயதைத் தாண்டி ஐந்து வருஷத்துக்கு மேல் இப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு சொல்கிறது. பையன் அந்த ஐந்தையும் தன் வயதோடு கூட்டிப் பார்த்துவிட்டு மறுபடி படிக்கப் போனான்.

ஆபீஸிலோ மரியாதைச் சிக்கல். சித்தப்பா கைபிடித்து நோட்டிங் எழுதக் கற்றுக்கொடுத்த ஜூனியர்தான் இப்போது அவருடைய அதிகாரி. இவர் உள்ளே போனால் அவர் எழுகிறார். அவர் எழுந்ததும் பதறிப்போய் இவர் “உட்காருங்க சார்” என்கிறார். “நீங்க உட்காருங்க சார்” என்கிறார் அவர். ஃபைல் மட்டும் மேஜையில் சௌகரியமாகப் படுத்திருக்கிறது.

நவம்பர் வந்தது. ஓய்வூதியர்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டிய மாதம். சித்தப்பா தினமும் காலையில் கட்டைவிரலை மெஷினில் வைத்துத்தான் ஆபீஸுக்குள் நுழைகிறார். அரசாங்கத்துக்கு அந்த விரல் வந்ததற்குத்தான் சாட்சி. ஆள் இருப்பதற்கு அல்ல. 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் உயிர்வாழ்ச் சான்றிதழுக்கு அதே விரலை வேறொரு மெஷினில் வைக்கச் சொன்னார்கள். வைப்பதற்காக பேங்க் வரிசையில் நின்றார். ஆபீஸுக்குப் போக முடியவில்லை. மாதத்துக்கு ஒன்றரை நாள் லீவு உண்டு. உயிரோடிருந்த வகையில் அதில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டார்கள்.